எந்த இந்தியத் தீர்ப்பில் தொடங்குவது? திருகோணமலை வாசிப்பு வட்டத்துக்கு ஒரு தெரிவு

திருகோணமலையில் சட்டம் படிக்கும் பிள்ளைகளும், தொழிலுக்கு வந்து அதிக காலமாகாத சட்டத்தரணிகளும் சேர்ந்து மாதம் ஒரு தீர்ப்பை முழுதாக வாசிப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதலில் இந்தியாவின் அண்மைக்காலத் தீர்ப்புகள். அதில் யாருக்கும் மறுப்பில்லை; எதில் தொடங்குவது என்று கேட்டதும்தான் வட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கு, தேர்தல் பத்திரம், பெண்ணுக்குச் சொத்து, புல்டோசர், கைது என்று ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். பெரும்பாலும் யூடியூபில் யாரோ தமிழ்நாட்டு வழக்கறிஞர் விளக்கிய தீர்ப்புகள். அதில் தப்பில்லை. ஆனால் அங்கே பெரிய செய்தியான எல்லாமும் இங்கே நீதவான் முன் எழுந்து நிற்பவருக்கு உதவும் என்றில்லை. தெரிவை என்னிடம் விட்டதால், எதை என்ன கணக்கில் எடைபோட்டேன் என்று எழுதுகிறேன்.

இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டலாம், ஏற்பதும் விடுவதும் நீதிபதியின் கையில். அப்படியானால் அதற்கு வலு எங்கிருந்து வருகிறது? இரண்டு நாட்டுச் சட்டத்திலும் ஒத்த வாசகம் இருந்தால், அங்கிருந்துதான். நம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1860இன் இந்தியக் கோவையைப் பார்த்து எழுதப்பட்டது. 1895இன் சான்றுக் கட்டளைச் சட்டம் 1872இன் இந்தியச் சான்றுச் சட்டத்தின் வழிவந்தது. 25, 27, 32ஆம் பிரிவுகள் எண்கூட மாறாமல் இரண்டு கரையிலும் நின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியா தன் பழைய குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றிவிட்டது. இனி அங்கிருந்து வரும் தீர்ப்பில் பழைய 27ஆம் பிரிவு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவுக்குள் இருக்கும். மரண வாக்குமூலத்துக்கான 32 அங்கே 26 ஆகியிருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் பழையதே. இந்த எண் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் யாரும் வாசிக்க உட்காரவேண்டாம்.

அடுத்து, அதிகாரம். இந்திய உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாது என்று தள்ளலாம். நம் அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரை எழுதிச் சட்டமான பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே ஒரு சட்டத்தை வெட்டி வீழ்த்திய இந்தியத் தீர்ப்பு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் இங்கே கையில் பிடிக்க அதற்குக் காம்பில்லை. 2024 பெப்ரவரி 15இன் தேர்தல் பத்திரத் தீர்ப்பு அந்த வகை. அரசியல் கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்று வாக்காளர் அறியும் உரிமையை ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து உயர்த்திப் பிடித்தார்கள். நம்மிடம் 2015இல் வந்த 14அ உறுப்புரையும் 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு என்பதால் பேசச் சுவையாயிருக்கும். பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செய்யலாம் என்று 2024 ஆகஸ்ட் 1இல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்ன தீர்ப்பும் அப்படித்தான். அதற்கு நிகரான சட்டமே இங்கு இல்லை.

மூன்றாவது கேள்வியை இளையவர்கள் மறந்துவிடுகிறார்கள்: அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா? குழுவில் அதிக வாக்குப் பெற்ற ஆளுநர் வழக்கு இந்த இடத்தில்தான் விழுகிறது. 2025 ஏப்ரல் 8இல் இரண்டு நீதிபதிகள், ஆளுநர் மசோதாக்களை ஆறப்போட முடியாது என்று காலக்கெடு விதித்து, தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளச் சொன்னார்கள். நம் ஊரிலும் அதைக் கொண்டாடினார்கள். குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை அனுப்ப, நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்: நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது. காரணமில்லாமல் நீளும் மௌனத்தில் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தார்கள். நமக்கு இந்த வழக்கு ஏன் இனித்தது என்று புரிகிறது. கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்திலும், மாகாண சபை இயற்றும் நியதிச்சட்டத்துக்கு ஆளுநர் சம்மதம் தரும் நடைமுறை உண்டு. ஆனால் 2017 செப்டெம்பரில் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடக்கவில்லை. நியதிச்சட்டமே வராத மாகாணத்தில் ஆளுநர் அதைத் தாமதிப்பதைப் பற்றி வாதாட என்ன இருக்கிறது? தேர்தல் வரட்டும், அப்போது எடுப்போம்.

குடும்பச் சட்டத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. வினீதா ஷர்மா வழக்கு (2020 ஆகஸ்ட் 11), இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்குண்டு, 2005இல் சட்டம் திருந்திய அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் யாருக்கும் இது தெரியும். அந்தக் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற அமைப்பே நம்மிடம் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்குள் வராத தமிழருக்கு 1876இன் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம்தான்; உயிரோடிருக்கும் துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. கிழக்கில் வீடு வளவை மகளுக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் வேறு இருப்பதால், பங்கு கிடைக்கவில்லை என்று இங்கே காணி உறுதியோடு வருவது சில நேரம் ஆண்பிள்ளைதான்.

ரேவணசித்தப்பா வழக்கு (2023 செப்டெம்பர் 1) இதைவிடக் கனமானது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தாய் தகப்பனுக்குச் சேரவேண்டிய பங்கில் உரிமை உண்டு என்றார்கள். நம் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் சொத்துக்கு வாரிசு, தகப்பனின் சொத்துக்கு இல்லை. இடம்பெயர்வில் மாதர் சங்கங்களிலும் கோயில்களிலும் திருமணம் நடந்து, பதிவில்லாமலே ஓடிய குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. வழக்காற்றுத் திருமணம் என்று நிரூபித்தால் தப்பலாம். இல்லையென்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சட்டம் மாறவேண்டும் என்று கேட்பவருக்கு ரேவணசித்தப்பா நல்ல சான்று. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடுபவருக்கு எழுத்துச் சட்டமே குறுக்கே நிற்கிறது. பின்னால் ஒரு மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.

விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுக் குற்றவியல் நடைமுறையின் 125ஆம் பிரிவில் பராமரிப்புக் கேட்கலாம் என்ற 2024 ஜூலை 10இன் அப்துல் சமத் தீர்ப்பு, 1985இன் ஷா பானு வழக்கிலிருந்து தொடங்கும் நீண்ட கதையின் அண்மை அத்தியாயம். இங்கே 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. 1999இன் பராமரிப்புச் சட்டத்தோடு அவை எப்படிப் பொருந்துகின்றன என்பது தனிக் கேள்வி. கிண்ணியாவிலும் மூதூரிலும் இந்த வழக்குகளை நேரில் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்வந்து நடத்தினால் நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

சூழல் சட்டத்தை ஒரு மாணவி பிடிவாதமாகக் கேட்டார். காரணம் இருக்கிறது. ரஞ்சித்சிங் வழக்கில் (2024 மார்ச் 21) கானமயிலைக் காப்பதா, சூரிய மின்னுக்கான கம்பிகளை ஓட விடுவதா என்ற சிக்கலில், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமையை இந்திய அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21 (உயிர்வாழ்வு) ஆகிய உறுப்புரைகளில் கண்டது உச்ச நீதிமன்றம். சம்பூரில் நிலக்கரி ஆலை கைவிடப்பட்டு இந்தியக் கூட்டில் சூரிய மின் திட்டம் வந்த மாவட்டத்தில் இதை வாசிப்பது பொருத்தம்தான். முத்துநகர் விவசாயிகளிடம் கேட்டால் சூரிய மின்னுக்கும் ஒரு நிலம் வேண்டும் என்பதைச் சொல்வார்கள். நாட்டின் உச்சியில் இருக்கும் நம் உயர் நீதிமன்றமும் இந்தியச் சிந்தனையை வாங்கத் தயங்கியதில்லை. எப்பாவல பொஸ்பேற் அகழ்வு வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கருத்தைப் பேசியது. 2025 ஜூலையில், எரிந்து மூழ்கிக் கடலை மாசாக்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ஆக, இந்தத் துறையில் கொழும்பின் தீர்ப்பையே முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று: திட்டத்தைக் கட்டிவிட்டுப் பிறகு சூழல் அனுமதி வாங்குவது சட்டவிரோதம் என்று 2025 மே 16இல் சொன்ன வனசக்தி தீர்ப்பை, நவம்பர் 18இல் மூன்று நீதிபதிகளில் இருவர் திரும்பப் பெற்றார்கள். மே மாதக் குறிப்பை வைத்துக்கொண்டு டிசம்பரில் வாதாடினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மீதி இரண்டு. இவற்றுக்கு இடையில்தான் உண்மையான போட்டி.

புல்டோசர் தீர்ப்பு 2024 நவம்பர் 13இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை, அனுமதியில்லாக் கட்டடம் என்ற பெயரில் இரவோடிரவாக இடிப்பதற்கு எதிரானது. குறைந்தது பதினைந்து நாள் அறிவித்தல், பதிவுத் தபாலில் அனுப்பிச் சுவரிலும் ஒட்டவேண்டும், பின்திகதி போட முடியாதபடி மாவட்ட ஆட்சியருக்கு உடனே மின்னஞ்சல், நேரில் விசாரணை, காரணம் எழுதிய உத்தரவு, அதன் பின் மேன்முறையீட்டுக்கு மேலும் பதினைந்து நாள், இடிப்பதைக் காணொளியாகப் பதிய வேண்டும். மீறிய அதிகாரி தன் சொந்தப் பணத்தில் திருப்பிக் கட்டவேண்டும். வீதி, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு குளம் போன்ற பொது இடங்களில் உள்ளவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

காணி என்றாலே கண் விரியும் மாவட்டம் இது. குச்சவெளியிலும் மூதூரிலும் வெளியேறல் அறிவித்தல் கைக்கு வந்தவரைத் தெரியாத சட்டத்தரணி இல்லை. ஆனால் நம்மிடம் இருப்பது 1979இன் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப் பெறல்) சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி இது அரச காணி என்று கருதினால் போதும். முப்பது நாளுக்குக் குறையாத தவணையோடு அறிவித்தல் கொடுப்பார். அந்த அறிவித்தல் பற்றி விசாரிக்கும்படி கேட்க உரிமையில்லை என்று சட்டமே சொல்கிறது. நீதவான் முன் போனால் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம் மட்டுமே காட்டலாம். அரச காணிதானா என்று அவர் விசாரிக்க முடியாது. தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தோம் என்பது அங்கே பதிலாகாது. அறிவித்தலை ரத்துச் செய்யும் எழுத்தாணை (ரிட்) கேட்டுப் போகலாம், ஆனால் இங்குள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அல்ல: 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் இந்த அறிவித்தல்கள் விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றுவிட்டது. இரவு ரயிலேறிக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே அதிகாரி நியாயமாக நடந்தாரா என்று வாதிடும்போது புல்டோசர் தீர்ப்பின் சில பந்திகள் உதவலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு நின்ற தூண்களில் ஒன்று, உயிர்வாழ்வுக்கான 21ஆம் உறுப்புரையிலிருந்து வரும் குடியிருப்புரிமை. நம் அரசியலமைப்பில் அப்படியொன்று வெளிப்படையாக எழுதப்படவில்லை. விசாரணை வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிய சட்டத்தின் முன் இந்தியாவின் பதினைந்து நாள் விதி தளர்ந்துபோகும். மனம் இதன் பக்கம் இழுத்தாலும் இரண்டாம் இடம்தான் கொடுக்கிறேன்.

கைது பற்றிய தீர்ப்புகளே முதலில். ஒன்றல்ல, ஒரு தொடர். 2023 அக்டோபர் 3இல் பங்கஜ் பன்சல் வழக்கு: அமலாக்கத் துறை கைதின் காரணங்களை வாயால் வாசித்துக்காட்டினால் போதாது, எழுத்தில் கொடுக்கவேண்டும். 2024 மே 15இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கு அதைச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கும் விரித்தது. 2025 பெப்ரவரி 7இல் விஹான் குமார் வழக்கு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கிட்டுக் கட்டிவைக்கப்பட்ட மனிதரின் கைது செல்லாது, காரணம் சொன்னோம் என்று நிரூபிக்கும் பாரம் பொலிசுடையது. 2025 நவம்பர் 6இல் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு: எந்தக் குற்றமானாலும் எழுத்தில், அதுவும் கைதானவருக்கு விளங்கும் மொழியில். அந்த நேரத்தில் எழுதிக் கொடுக்க முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, நீதவான் முன் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னராவது எழுத்தில் கொடுக்கவேண்டும். தவறினால் கைதும் காவலும் சட்டவிரோதம்.

விளங்கும் மொழி என்பது அங்கும் புதிதல்ல. தடுப்புக் காவலுக்கான காரணங்களை ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலத்தில் கொடுத்தது செல்லாது என்று 1962இலேயே ஹரிகிசன் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதை எல்லாக் கைதுக்கும் கொண்டுவந்ததுதான் நமக்கு வேண்டியது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழியாகத் தமிழும் இருக்கிறது. நீதிமன்றத்துக்குள் வந்தபிறகு சரி. அதற்கு முந்திய இரவு? சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் தமிழில் கையொப்பம் இருக்கும் தாளை இங்கே தொழில் செய்பவர் எவரும் பார்த்திருப்பார். பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கையைக் காலையில் நீதிமன்றத்தில் கண்ட பிறகுதான் ஆள் எதற்காக உள்ளே இருக்கிறார் என்று சட்டத்தரணிக்கே தெரிகிறது. அதற்குள் விளக்கமறியலுக்கான விண்ணப்பம் வந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் இங்கு கிடைத்தால் பிணைக்கு எழுந்து நிற்பவர் என்னென்ன கேட்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்திலும் ஒட்டும் இடம் இருக்கிறது. நம் 13(1)ஆம் உறுப்புரை, கைது செய்யப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்கிறது. 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவும் குற்றச்சாட்டின் தன்மையைச் சொல்லச் சொல்கிறது. 1954இல் கொரயா வழக்கில் நீதியரசர் கிரேஷியன் இதை அழுத்திச் சொன்ன மரபு நமக்கே உண்டு. எந்தச் சட்டத்தையும் வீழ்த்தத் தேவையில்லை. உள்ள வாசகத்துக்குப் பொருள் விரித்தால் போதும். 80(3) குறுக்கே வராது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. புர்காயஸ்தா தீர்ப்பு, கைதுக்கான பொதுவான காரணம் வேறு, அந்த ஆளைக் குறித்த விவர அடிப்படைகள் வேறு என்று பிரித்து, இரண்டாவதைத்தான் எழுத்தில் கேட்கிறது. இந்திய அரசியலமைப்பின் 22(1) அடிப்படைகள் என்கிறது. நம் 13(1) காரணம் என்று மட்டும் சொல்கிறது. சட்டமா அதிபர் திணைக்களம் இந்த வாசலில் நிச்சயம் நிற்கும். பதிலை வட்டம் தேடட்டும். இன்னொன்று, இந்தத் தொடர் நேர்கோடுமல்ல: 2025 ஆகஸ்டில் கன்னட நடிகர் ஒருவரின் பிணையை ரத்துச் செய்தபோது, பாதிப்பு ஏற்பட்டதாகக் காட்டாவிட்டால் எழுத்தில் கொடுக்காதது மட்டும் கைதைக் கெடுக்காது என்றது இன்னோர் இரு நீதிபதி அமர்வு. நவம்பர்த் தீர்ப்போடு அதைச் சேர்த்து வாசிக்காதவர் அரை வாசிப்போடு போகிறார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாதவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை இன்னும் சாட்சியமாக ஏற்கிறது. பொலிஸிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்காத சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுக்கு இது நேர் எதிர். கைதின் காரணமே விளங்காத மொழியில் இருந்தவரின் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்ற வாதத்துக்கு இந்தத் தொடர் விதை போடும்.

ஒரு நடைமுறை விடயமும் சேர்த்துத்தான் இதை முதலில் வைத்தேன். 126ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. எந்த மொழியில், எத்தனை மணிக்குக் காரணம் சொன்னார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிவைக்கும் பழக்கம் இளம் சட்டத்தரணிக்கு வந்தால், தீர்ப்பை இங்கு யாரும் ஏற்காவிட்டாலும் கட்சிக்காரருக்கு அது ஆதாயம்.

ஆக வரிசை இப்படி: கைது, காணி, எக்ஸ்பிரஸ் பேர்ளோடு ரஞ்சித்சிங், ரேவணசித்தப்பா. கிண்ணியாச் சகோதரிகள் ஒப்புக்கொண்டால் அப்துல் சமத் இடையில் எங்கும் வரலாம். முதல் அமர்வுக்கு மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பையும் ஆகஸ்ட் தீர்ப்பையும் முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள், யூடியூப் விளக்கம் கணக்கில் இல்லை. மாணவர்கள் 13(1), 22(1) இரண்டையும் பக்கத்துப் பக்கமாக எழுதிக் கொண்டுவரவும். தொழிலில் இருப்பவர்கள் அண்மையில் கையாண்ட ஒரு பி அறிக்கையின் பிரதியை, பெயர், முகவரி, இலக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, கொண்டுவரவும்.